போரவையும் ஆமூர் மல்லனும்

கட்டா குஸ்தி செழித்த கொச்சியில் மற்போர்க் களத்தைக் 'கோதா' என்பர். அதற்கு நிகரான பழந்தமிழ்ச் சொல் 'போரவை' எனலாம். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியுள்ளார் (புறம். 80). அப்பாடலில் படை இல்லை. ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்த, மறு கால் அவன் சூழ்ச்சியைத் தடுக்கிறது. தித்தன் இதனைக் காணட்டும் என்பது புலவர் விழைவு.

'போரவை' அடிக்குறிப்பில் மட்டுமே வருவதால் அதனை ஊர்ப்பெயர் எனக் கருதவும் இடமுண்டு. ஆயின் நக்கண்ணையார் பாடல் (புறம். 85) வேறு திசை காட்டுகிறது. வெற்றி அவனதே எனச் சிலரும், அன்று எனச் சிலரும் கூறுகின்றனர். பலர் கூடி, கட்சி பிரிந்து நோக்கும் போட்டியிலன்றி இப்பூசல் எழாது. தீர்ப்பைச் சொல்பவளோ, சிலம்பொலிக்க ஓடிவந்து, தன் வீட்டுப் பனைமரத்தைச் சார்ந்து நின்று கண்ட பெண்.