செப்சிஸும் சிறுநீரகமும்: குருதிச் சுத்திகரிப்பால் எவ்வளவு முடியும்?

"இரத்தத்தை மெசினில் சுத்திகரித்தால் கிருமியும் போய்விடும்தானே, டொக்டர்?" சிறுநீரகப் பிரிவில் பணியாற்றும் என்னிடம் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நகையை அடகு வைத்தாவது விலைகூடிய வடிகட்டி ஒன்றை வாங்கித் தர முன்வருபவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகின்றேன்.

கிருமித்தொற்றுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, சொந்த உறுப்புகளையே தாக்கும் நிலைதான் செப்சிஸ். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 10 இலட்சம் பேர் இதனுடன் தொடர்புபட்டு இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. குருதியமுக்கம் வீழ்வதாலும், நுண்குழாய்களில் குருதியோட்டம் குழம்புவதாலும், அழற்சிப் பொருட்களாலும் சிறுநீரகம் வெகுவிரைவில் பாதிக்கப்படுகின்றது.

குருதிச் சுத்திகரிப்பு இயந்திரமே ஒரு போர்க்காலக் குழந்தைதான். நாஸிகளின் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில், 1943இல் வில்லெம் கொல்ஃப் என்ற வைத்தியர் செலோபேன் குழாய்களைக் கொண்டு அதை உருவாக்கினார். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் அதனால் உயிர்பிழைத்தார்.

இன்றைய இயந்திரங்கள் யூரியா, மேலதிக பொட்டாசியம், அமிலம், தேங்கிய நீர் ஆகியவற்றை அகற்றுகின்றன. குருதியமுக்கம் குறைந்த நோயாளிக்கு 24 மணிநேரமும் மெதுவாக இயங்கும் முறையும் உண்டு. ஆனால் இவை செயலிழந்த சிறுநீரகத்தின் வேலையைத் தற்காலிகமாகச் செய்கின்றனவே தவிர, கிருமியை அழிப்பதில்லை.

அழற்சிப் பொருட்களையும் கிருமிநச்சையும் உறிஞ்சும் விசேட வடிகட்டிகளும் உள்ளன. பொலிமிக்சின் பி பூசப்பட்ட வடிகட்டி ஜப்பானில் 1990களிலிருந்து பாவனையில் உள்ளது. எனினும், 450 நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், அது மரணங்களைக் குறைக்கவில்லை. 2021ஆம் ஆண்டின் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டியும் அதைப் பரிந்துரைக்கவில்லை.

முன்கூட்டியே இயந்திரத்தில் இணைத்தால் நல்லதா? பிரான்ஸில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், அவசரத் தேவை இல்லாதவர்களுக்கு 48 மணிநேரம் பொறுத்திருந்தபோதும் மரண வீதம் கூடவில்லை. காத்திருந்தவர்களில் 38 சதவீதமானோர் இயந்திரத்தில் இணைக்கப்படவே இல்லை. எனவே "இன்னும் பொறுப்போம்" என்று வைத்தியர் சொன்னால், அதைக் கவனிப்பின்மை என்று எண்ணவேண்டாம். பொட்டாசியம் ஆபத்தாக உயர்ந்தாலோ, நுரையீரலில் நீர் தேங்கி மூச்சுத்திணறினாலோ தாமதிக்கக் கூடாது. அப்போது பயத்தினால் சிகிச்சையை மறுக்கவும் கூடாது.

சிறுநீரகத்தை உண்மையில் காப்பது நேரம்தான். தகுந்த நுண்ணுயிர்க்கொல்லியை விரைவாக, அதிர்ச்சி நிலையில் ஒரு மணிநேரத்துக்குள், ஏற்றவேண்டும். நாளத்தினூடாகத் திரவம் கொடுத்துக் குருதியமுக்கத்தைப் பேணவேண்டும். சீழ்க்கட்டி இருந்தால் அதை வெளியேற்றவேண்டும்.

எமது மக்களில் சிலர் கூடுதல் ஆபத்தில் உள்ளனர். முள்ளந்தண்டு காயத்தால் இடுப்புக்குக் கீழ் இயங்காதவர்களுக்குப் படுக்கைப்புண்ணும் சிறுநீர்க்குழாயும் கிருமி நுழையும் வாசல்கள். உணர்வு இல்லாததால் வலி எச்சரிக்காது; தினமும் இன்னொருவர் புண்ணைப் பார்க்கவேண்டும். செயற்கைக்கால் உரசும் இடத்துக்கும், பழைய எறிகணைக் காயம் மீண்டும் சீழ்வைப்பதற்கும் இதே கவனம் தேவை. வயலில் இறங்குவோரை எலிக்காய்ச்சல் தாக்கினால் சிறுநீரகம் செயலிழக்கலாம். தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள்.

காய்ச்சலுடன் நடுக்கம், வேகமான மூச்சு, தடுமாறும் பேச்சு, குளிர்ந்த கைகால், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்ற வலிமாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். அவை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரத்தையும் உட்கொண்ட மருந்துகளையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த இரண்டு தகவல்களும் சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்க எமக்குப் பெரிதும் உதவும்.