இரு தொழில்களுக்கு நடுவே ஒரு மூட்டு

காதுத்துளைக்குச் சற்று முன்னால், கீழ்த்தாடை எலும்பு மண்டையோட்டைச் சந்திக்கும் இடமே தாடை மூட்டு. அம்மூட்டோ அதை இயக்கும் மெல்லுதசைகளோ நோகும்போது, வலி கன்னத்தோடு நிற்காமல் நெற்றிப்பொட்டில் தலைவலியாகவும் காதுக்குள் குத்தலாகவும் பரவுகிறது. அமெரிக்காவில் இவ்வலிக்கு ஆளானவர், குறிப்பாகப் பல் காப்பீடு இல்லாதவர், எந்த மருத்துவரிடம் செல்வது, செலவுக்கு என்ன செய்வது என்று தவிப்பதற்கு நோயின் தன்மையைவிட மருத்துவத் தொழில்கள் பிரிந்த வரலாறே பெரிதும் காரணம்.

பண்டைய மருத்துவம் இம்மூட்டைத் தனித்து ஒதுக்கவில்லை. கி.மு. 17ஆம் நூற்றாண்டை ஒட்டிய எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் ஏடு, தலைக்காயங்களையும் எலும்பு முறிவுகளையும் விளக்கும் வரிசையிலேயே, இடம் பெயர்ந்த தாடையைச் சரிசெய்யும் முறையையும் கூறுகிறது. மருத்துவர் தம் கட்டைவிரல்களை நோயாளியின் வாய்க்குள் தாடையெலும்பின் மீதும், மற்ற விரல்களை மோவாய்க்கு அடியிலும் வைத்து, தாடையைப் பின்னோக்கித் தள்ளி இருத்த வேண்டும் என்னும் அம்முறை, சிறு மாற்றங்களுடன் இன்றும் கையாளப்படுகிறது.

1840இல் பால்டிமோரில் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டபோது, பல் மருத்துவம் தனக்கென்று கல்லூரியும் பட்டமும் கொண்ட தனித் தொழிலாயிற்று. தாடை மூட்டு எந்தப் பக்கம் என்பதை அன்று யாரும் வரையறுக்கவில்லை. 1934இல் செயின்ட் லூயிஸ் நகரின் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், 11 நோயாளிகளை ஆராய்ந்து, கடைவாய்ப் பற்களை இழந்தவர்களின் தாடை அளவுக்கு மீறி மூடி நரம்புகளை அழுத்துவதே காதுவலிக்கும் தலைவலிக்கும் காரணம் என்று எழுதினார். அவர் கூறிய நரம்பழுத்தத்தை உடற்கூற்றியலாளர்கள் பின்னர் மறுத்தனர். ஆயினும் குறை பற்களின் கடியமைப்பில்தான் உள்ளது என்ற எண்ணம் நிலைத்து, நோயாளிகள் பல் மருத்துவரிடமே அனுப்பப்படலாயினர்.

காப்பீடும் இந்தப் பிளவின் வழியே வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஊதிய உயர்வு கட்டுப்படுத்தப்பட்டதால், தொழில் நிறுவனங்கள் ஊதியத்துக்கு ஈடாக மருத்துவக் காப்பீட்டை வழங்கத் தொடங்கின. பல் காப்பீடோ 1950களில், மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் தம் பிள்ளைகளுக்காகக் கேட்டுப் பெற்ற திட்டத்திலிருந்து தனியே கிளைத்தது. 1965இல் முதியோருக்காக இயற்றப்பட்ட மெடிகேர் சட்டம் வழக்கமான பல் சிகிச்சையை விலக்கியது. தாடை வலியைப் பல் நோய் என்று மருத்துவக் காப்பீடும், மூட்டு நோய் என்று பல் காப்பீடும் கைகழுவ இடமேற்பட்டது. உடலின் பிற மூட்டுகளுக்குரிய அதே அடிப்படையில் தாடை மூட்டையும் மருத்துவக் காப்பீடு ஏற்க வேண்டும் என்று மினசோட்டா மாநிலம் 1980களில் சட்டமியற்றியது இதற்கான நேரிய தீர்வாகும்.

செலவு மிகுந்த சிகிச்சையே சிறந்தது என்ற நம்பிக்கையையும் இவ்வரலாறு பொய்யாக்கியுள்ளது. 1976இல் பல் மருத்துவ ஆய்வாளர் டேனியல் லாஸ்கின் குழுவினர், கடியமைப்பைச் சீராக்குவதாகக் கூறி, உண்மையில் பல்லை எவ்வகையிலும் மாற்றாமல் பாவனை மட்டும் செய்தபோது, தாடைவலியுற்ற 25 பேரில் 16 பேர் வலி முற்றிலுமாகவோ பெருமளவிலோ நீங்கியதாகக் கூறினர். 1980களில் பொருத்தப்பட்ட டெஃப்ளான் கலந்த செயற்கை மூட்டுத் தகடுகள் துகள்களாக உதிர்ந்து எலும்பை அரித்ததால், அவை திரும்பப் பெறப்பட்டன. 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட வலிக்குத் தாடைப் பயிற்சி, தசைகளைக் கையால் அழுத்தி இளக்குதல், மனநடத்தைச் சிகிச்சை ஆகியவற்றை வலியுறுத்துகிறது.

காப்பீடு இல்லாதவருக்கும் எட்டக்கூடியவை இவற்றுள் பல. மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், உதடுகள் மூடியிருக்கையிலும் மேல் கீழ்ப் பற்கள் தொடாதவாறு தாடையைத் தளர்த்தி வைத்தல் ஆகியவற்றோடு தொடங்கலாம். பல்லை நிரந்தரமாகத் தேய்க்கும் சிகிச்சைக்குக் கடன்பட வேண்டியதில்லை. ஆனால் தாடை பூட்டிக்கொண்டாலோ, வீக்கமும் காய்ச்சலும் கண்டாலோ, ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மெல்லும்போது தாடைவலியோடு புதிய தலைவலி தோன்றினாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கடைசியாகக் கூறியது பார்வையைப் பறிக்கக்கூடிய இரத்தக்குழாய் அழற்சியின் அறிகுறியாக இருக்கலாம். தாடை மூட்டும் உடலின் மூட்டுகளுள் ஒன்றே என்பதால், அதன் வலிக்குப் பொது மருத்துவரை நாடுவது முறையானது. அச்செலவை மருத்துவக் காப்பீடு ஏற்பதே நியாயமானது.