மாணவர்கள் தொடங்கிய ஓர் ஆய்விதழ்

ஆய்விதழ் என்றாலே பேராசிரியர்கள் எழுதி, பேராசிரியர்களே படிப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். மாணவர்களே தொடங்கிய ஓர் ஆய்விதழ், மானிடவியல் அதுவரை அதிகம் கேட்காத ஒரு கேள்விக்கு இடம் கொடுத்த வரலாறும் உண்டு.

1970-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பட்ட மேற்படிப்பு மாணவர்கள் ஒரு இதழ் ஆரம்பித்தார்கள். "ஆக்ஸ்போர்டு மானிடவியல் கழகத்தின் இதழ்" என்ற ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஜாசோ என்று அழைக்கப்பட்டது.

அங்கே ஆசிரியராக இருந்தவர் எட்வின் ஆர்டனர். மொழிக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவில் ஆர்வம் கொண்டவர். 1972-இல் வெளியான ஒரு கட்டுரையில் அவர் சங்கடமான ஓர் உண்மையைச் சொன்னார். ஆய்வாளர்கள் ஓர் ஊருக்குப் போனால் பெரும்பாலும் ஆண்களிடம்தான் பேசுகிறார்கள். அந்த ஆண்கள் சொன்னதையே ஊர் முழுவதன் கருத்தாக எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் பெண்களின் குரல் எங்கே போயிற்று?

அடுத்த ஆண்டே, ஆய்வுப் பாதையின் தொடக்கத்தில் இருந்த சார்லட் ஹார்ட்மன் ஜாசோவில் இன்னொரு கேள்வியை எழுப்பினார். குழந்தைகளுக்கென்று ஒரு மானிடவியல் இருக்க முடியுமா? இதுதான் அவருடைய கட்டுரையின் தலைப்பே!

அதுவரை குழந்தை என்றால் "நாளைய பெரியவர்". பெரியவர்கள் கற்றுக்கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் பாத்திரம், அவ்வளவுதான். ஹார்ட்மன் அதை மறுத்தார். பள்ளி மைதானத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கு அவர்களுக்கே உரிய பேச்சும், விதிகளும், மதிப்புகளும் உண்டு. பெண்களைப் போலவே அவர்களும் ஆய்வாளர்களின் காதில் விழாதவர்கள் என்றார்.

சிறுபிள்ளைகளின் விளையாட்டும் ஒரு ஆராய்ச்சியா என்று அன்று யாராவது சிரித்திருக்கலாம். ஆனால் பிற்காலத்தில் குழந்தைப் பருவ ஆய்வுகள் என்றே ஒரு துறை வளர்ந்தபோது, அதன் முன்னோடிகளில் ஒன்றாக இந்தக் கட்டுரை மதிக்கப்பட்டது. குழந்தைப் பருவ ஆய்வுகளுக்கான ஒரு சர்வதேச இதழ் 2001-இல், அதாவது 28 ஆண்டுகள் கழித்து, இதை மறுபடியும் வெளியிட்டது.

மாணவர் இதழ்களுக்குப் பெரிய பலவீனம் ஒன்று உண்டு. நடத்துபவர்கள் படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள். அடுத்து வருபவர்கள் பொறுப்பை எடுத்துக்கொள்ளாவிட்டால் இதழ் நின்றுவிடும். ஜாசோவின் அச்சு இதழும் நின்றது. ஆனால் 2009-இல் இணைய இதழாக மீண்டும் வந்தது.

கல்லூரி இதழ்தானே என்று ஒதுக்குவதற்கு முன் யோசித்துப் பாருங்கள். அந்த மாணவர்கள் 1970-இல் இதழ் தொடங்காமல் இருந்திருந்தால், 1973-இல் அந்தக் கேள்வி எங்கே அச்சாகியிருக்கும்?