கிந்தன் ஏறிய ரயில்

சிரிப்புக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்? ஐந்தருவியில் மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி இப்படிக் கேட்டார். பதிலுக்குக் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் 'கிந்தனார்' கதையைச் சொன்னோம். வந்திருந்தவர்களில் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில் நந்தன். பெரியபுராணத்தில் அவர் ஆதனூர்ச் சேரியில் பிறந்த திருநாளைப்போவார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் கதையைக் கீர்த்தனையாக்கியபோது, பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவர் பண்ணையாராக உள்ளே வந்தார். சிதம்பரம் போக நந்தன் அவரிடம் கெஞ்ச வேண்டும். இரண்டிலும் முடிவு ஒன்றுதான்: தீயில் இறங்கிய பிறகே தில்லைக் கோயிலுக்குள் இடம். கதாகாலட்சேப மேடைகளில் இதைக் கேட்டு ஊர் கண்ணீர் விட்டது. 1935இல் கே.பி.சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் வந்தபோதும் அழுதது. அழுதவர்கள் வீட்டுக்குப் போய் நம்மை வாசலுக்கு வெளியேதான் நிறுத்தினார்கள். (நந்தனை அரசன் என்று எழுதிய அயோத்திதாசப் பண்டிதரைத் தோழர்கள் தனியே படிக்க வேண்டும்.)

அந்தக் கண்ணீரைத்தான் கலைவாணர் சிரிப்பாக மாற்றினார். 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன். படிப்பு பாதியில் நின்றது. நாடகக் கம்பெனிதான் பள்ளிக்கூடம். புகழின் உச்சியில் இருந்தபோது லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, தண்டனை பெற்று, 1947இல் விடுதலையானார். இரண்டு ஆண்டு கழித்து, அண்ணா கதை எழுதிய 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் காலட்சேபம் வந்தது.

பாகவதர் செய்வது போலவே பாட்டு, பேச்சு, பக்கவாத்தியம் எல்லாம் உண்டு. கதைதான் வேறு. நந்தன் சிதம்பரத்துக்கு ஏங்கினான். சேரிப் பிள்ளை கிந்தன் படிப்புக்கு ஏங்குகிறான். அவனுக்குத் தீ தேவைப்படவில்லை, ரயில் போதும். எல்லாச் சாதியையும் ஒரே பெட்டியில் ஏற்றிப் போகும் ரயிலைக் கலைவாணர் பாடிக் கொண்டாடுகிறார். தென்காசி வழியாகக் கொல்லத்துக்கு 1904லேயே ரயில் ஓடியது. அவர் பிறந்த நாகர்கோவிலுக்கு வந்ததோ 1979இல்தான், அவர் இறந்து 22 ஆண்டுகள் கழித்து. பட்டணத்தில் படித்த கிந்தன் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான்.

இங்கே யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். கறுத்த நிறத்தையும் வேலைக்காரரையும் சேரிப் பேச்சையும் கேலிப் பொருளாக்கிய காமெடி நம் சினிமாவில் ஏராளம். கிந்தனாரில் சிரிப்பு கிந்தன் மேல் விழவில்லை, அவனைத் தள்ளி வைத்த ஒழுங்கின் மேல் விழுகிறது.

ஆனாலும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. கலைவாணர் சாதி இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். நம் கதையை நமக்காக அவர் சொன்னார். அதில் ஒருவன் படித்து மேலே வருகிறான், சரி. நிலம் யார் கையில் இருந்தது? சேரியில் மிச்சமிருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அந்தக் கேள்விகளைக் கதை தொடவில்லை.

2022 செப்டம்பரில் இதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பள்ளிப் பிள்ளைகளிடம் 'ஊர்க் கட்டுப்பாடு' என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அந்தக் காணொளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏன் என்று புரியாமல் அந்தப் பிள்ளைகள் நிற்பார்கள். கிந்தன் கதையில் ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது பிள்ளைக்குத்தான். பாஞ்சாகுளம் வழக்கில், குற்றம்சாட்டப்பட்ட ஐந்து பேரும் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது.