கட்டில் வரை வராத வெயில்

ரிக்கெட்ஸ் நோயின் வரலாற்றை வெயிலின் வரலாறாகத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ அது கதவுகளின் வரலாறாகவே தெரிகிறது. யாரெல்லாம் வெளியே போக முடியவில்லையோ, அவர்களைத் தேடித்தான் இருநூறு வருஷமாக அந்த நோய் போகிறது.

1822ல் போலந்து மருத்துவர் ஸ்னியாடெட்ஸ்கி ஒன்றைக் கவனித்து எழுதினார். வார்சா நகரத்துக் குழந்தைகளுக்கு எலும்பு வளைகிறது, சுற்றியுள்ள கிராமத்துக் குழந்தைகளுக்கு அவ்வளவாக இல்லை. குழந்தையைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள், உடம்பில் நேரடியாக வெயில் படட்டும் என்றார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1890ல் தியோபால்ட் பால்ம் அதையே வேறு வழியில் கண்டடைந்தார். ஜப்பானில் மிஷனரி மருத்துவராக இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர் அவர். அங்கே பார்க்கக் கிடைக்காத நோய் இங்கே இத்தனை குழந்தைகளுக்கு எப்படி? பல நாடுகளில் இருந்த மருத்துவர்களிடம் கேட்டு விவரம் சேர்த்தார். சாப்பாட்டுக்குக் கஷ்டப்படும் ஊரில்கூட வெயில் இருந்தால் நோய் இல்லை. புகை மூடிய பணக்கார நகரத்தின் சந்துகளில்தான் இருக்கிறது.

நிரூபணம் 1919ல் பெர்லினில் கிடைத்தது. ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியை நோயுற்ற குழந்தைகள்மேல் பாய்ச்சினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டபோதும் இரண்டு கை எலும்புகளும் தேறின. அப்படியென்றால் தோலில் ஏதோ ஒன்று உருவாகி ரத்தம் வழியே உடம்பெல்லாம் போகிறது! 1922ல் மெக்கலம் அமெரிக்காவில் மீன் எண்ணெயை ஆராய்ந்து, எலும்பைக் காக்கும் சத்து தனியானது என்று காட்டினார். அதற்குத்தான் வைட்டமின் டி என்று பெயர் வந்தது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அதே 1920களில் ஸ்ரீநகரில் பணிபுரிந்த மருத்துவர் கேத்லீன் வாகன் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பர்தாவுக்குள் வளர்ந்த பெண்களுக்கு இடுப்பெலும்பு மென்மையாகிச் சுருங்கி, பிரசவமே உயிருக்கு ஆபத்தாகிறது. வெளியில் உழைக்கும் படகுக்காரப் பெண்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரே ஊர், ஒரே வானம். நடுவில் இருந்த சுவர்தான் வித்தியாசம்.

1930களிலிருந்து அமெரிக்காவில் பாலில் வைட்டமின் டி சேர்த்தார்கள். குழந்தைகளின் ரிக்கெட்ஸ் பின்வாங்கியது, மருத்துவ உலகின் கவனமும் கூடவே போய்விட்டது. வீட்டுக்குள் இன்னும் ஒரு கூட்டம் இருந்தது: பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு உடைந்தவர்கள், மறதி நோயால் வெளியே விட முடியாதவர்கள், படுக்கையிலேயே பராமரிக்கப்படுகிறவர்கள். 1995ல் வெளிவந்த பால்டிமோர் ஆய்வு, குறைந்தது ஆறு மாதம் வெயிலைப் பார்க்காத முதியவர்களின் ரத்தத்தைச் சோதித்தது. முதியோர் இல்லங்களில் இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்குக் கடுமையான குறைபாடு. சொந்த வீட்டில் அடைபட்டிருந்தவர்களில் அது 54 சதவீதம். பாலிலேயே வைட்டமின் கலந்து விற்கிற நாட்டில்!

மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடுமா? பிரான்சில் விடுதிகளில் வசித்த 3,270 மூதாட்டிகளிடம் நடந்த சோதனை 1992ல் வெளியானது. சராசரி வயது 84. தினமும் 800 யூனிட் வைட்டமின் டியும் கால்சியமும் எடுத்தவர்களுக்கு ஒன்றரை வருஷத்தில் இடுப்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. ஆனால் 2022ல் அமெரிக்காவில் 25,000க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தபோது எலும்பு முறிவு குறையவே இல்லை. இரண்டும் முரண் மாதிரித் தெரியும். அமெரிக்கச் சோதனையில் இருந்தவர்கள் பெரும்பாலும் நடமாட்டமுள்ள ஆரோக்கியமானவர்கள், பலருக்குக் குறைபாடே இல்லை. நிறைந்த குடத்தில் ஊற்றி என்ன ஆகப் போகிறது?

காலியாக இருக்கும் குடங்களை நாம்தான் கவனிப்பதில்லை. நாற்காலியிலிருந்து எழத் தொடையில் வலுவில்லை, இடுப்பிலும் விலாவிலும் இன்னதென்று சொல்ல முடியாத வலி என்று பாட்டி சொன்னால், “வயசானா அப்படித்தான்” என்று முடித்துவிடுகிறோம். குறைபாட்டின் அறிகுறிகளும் அதேதான். எழ முடியாததால் உள்ளே இருக்கிறார், உள்ளேயே இருப்பதால் இன்னும் எழ முடியாமல் போகிறது. வயதான தோல் வெயில் பட்டாலும் இளமையில் போல வைட்டமினை உண்டாக்காது. கட்டிலை ஜன்னலோரம் போட்டுவிட்டோமே என்றால், வெளிச்சம் வரும். ஆனால் வைட்டமினை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

ஒரு ரத்தப் பரிசோதனையும், சிறுநீரகத்தையும் மற்ற மருந்துகளையும் பார்த்து மருத்துவர் எழுதித் தரும் அளவும்தான் இதற்கு வேண்டியவை. அதற்கு முன்னால் யாராவது ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இவங்க கடைசியா எப்போ வாசலுக்கு வந்தாங்க?