மொன்றியல் மலையும் ஒரு சின்ன சைக்கிள் அணியும்

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொன்றியல் மலையைச் சுற்றியுள்ள வீதிகள் எல்லாம் பூட்டு. கோத்-டே-நேஜ் பக்கம் இருக்கிற எங்கட சனம் பஸ் சுத்திப் போகுது என்று சினப்பார்கள். ஏன் என்று கேட்டால் "ஏதோ சைக்கிளோட்டமாம்" என்பதுதான் பதில். அந்த 'ஏதோ சைக்கிளோட்டம்' 2010 இல் தொடங்கியது. கொரோனாவால் இரண்டு வருடம் நின்றது தவிர ஒவ்வொரு ஆண்டும் நடந்து வருகிறது. ரூர் து பிரான்ஸ் வென்ற பொகாச்சார் இங்கே 2022 இலும் 2024 இலும் வென்றார். காசு கொடுத்தாலும் கிட்டப் பார்க்க முடியாத ஆட்கள் எங்கட வீட்டு மூலையால் ஓடுகிறார்கள், அதுவும் ரிக்கற் இல்லாமல்.

நான் எழுத வந்தது அந்தப் பெரிய ஆட்களைப் பற்றி அல்ல. அந்த மலையில் 2011 இலும் 2012 இலும் ஓடி, பிறகு காணாமல் போன ஒரு கனடிய அணியைப் பற்றி. அதன் பெயர் ஸ்பைடர்ரெக்.

அதற்கு முதல் மலையைப் பற்றிக் கொஞ்சம். 1974 ஓகஸ்ட் 25 ஆம் திகதி தொழில்முறை வீதியோட்ட உலகப் போட்டி முதன்முறையாக ஐரோப்பாவுக்கு வெளியே நடந்தது, இந்த மலையில்தான். முடித்தவர்கள் 18 பேர் மட்டும். பெல்ஜியத்தின் எடி மேர்க்ஸ் முதலாவது, பிரான்சின் பூலிடோர் இரண்டாவது. அந்த ஆண்டு இத்தாலியச் சுற்றையும் ரூர் து பிரான்சையும் மேர்க்ஸ் முன்னமே வென்றிருந்தார், மூன்றாவது கிரீடம் மொன்றியலில் கிடைத்தது. 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய சைக்கிள் மைதானம் 1992 இல் பயோடோம் ஆகிவிட்டது. பிள்ளைகளைப் பென்குவின் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறோமே, அதுதான்.

ஓட்டத்தின் பெரிய ஏற்றத்துக்குக் கமியென் ஊட் என்று ஒரு மேயரின் பெயர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆட்பதிவுக்குப் போகாதீர்கள் என்று சனத்துக்குச் சொன்னதற்காக 1940 இலிருந்து 1944 வரை தடுப்பு முகாமில் கிடந்து, வெளியே வந்த அதே ஆண்டு திரும்பவும் மேயரான மனிசன். இது சைக்கிளுக்குச் சம்பந்தமில்லைத்தான், ஆனால் சொல்லாமல் விட மனமில்லை.

இனி அணி. அதை நடத்தியவர் ஸ்டீவ் பாவர். ஒன்ராறியோக்காரர். 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. 1988 ரூர் து பிரான்சில் முதலாம் கட்டத்தை வென்று மஞ்சள் மேலாடை போட்டு, கடைசியில் நாலாம் இடம். அதே ஆண்டு மொன்றியலில் நடந்த அமெரிக்காக்களின் கிறாண்ட் பிறீயையும் வென்றார். 1990 பரிஸ்-ரூபேயில் எடி பிளாங்கார்ட்டிடம் தோற்றது ஒரு சென்ரிமீற்றரால் என்பார்கள், படம் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். இப்படிப்பட்ட ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு, கனடாப் பெடியளுக்குச் சொந்தமாக ஒரு அணி வேண்டும் என்று 2008 இல் சின்னதாகத் தொடங்கியதுதான் இது.

சின்ன அணி என்றால் என்ன என்று விளங்க, சைக்கிளோட்டத்தின் படிகளைத் தெரிந்திருக்க வேண்டும். அடியில் கொன்ரினென்ரல். அதற்கு மேல் அந்த நாட்களில் புறொபெஷனல் கொன்ரினென்ரல். உச்சியில் வேர்ள்ட் ரூர். அடிப்படியில் நிற்கும் அணியை உச்சிப்படி ஓட்டங்களுக்குக் கூப்பிட அப்போது விதி இடம் கொடுக்கவில்லை. உன் ஊரிலேயே ஓட்டம் நடந்தாலும் நீ பாதையோரம் நின்று கை தட்ட வேண்டியதுதான். 2011 இல் ஸ்பைடர்ரெக் இரண்டாம் படிக்கு ஏறியது. அந்தப் படியைத் தொட்ட முதல் கனடிய அணி. அதனால்தான் அந்த செப்டெம்பரில் மொன்றியலில் ஓட முடிந்தது.

மொன்றியலில் என்ன கிழித்தார்கள் என்று கேட்பீர்கள். 12.1 கிலோமீற்றர் வட்டம், 17 தரம். 2011 இல் போர்த்துக்கல்லின் றூயி கொஸ்ரா வென்றார், 2012 இல் நோர்வேயின் நோர்டவுக். இரண்டு வருடமும் முதல் மூன்று இடத்தில் ஸ்பைடர்ரெக் இல்லை.

ஆனால் இந்த விளையாட்டில் வெற்றிக் கணக்கு மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. பண்ணைப் பாலத்தில் சோளகக் காத்துக்கு எதிராகச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முன்னால் ஒரு லொறி போனால் அதன் பின்னால் ஒதுங்கினால் பாதிக் களை இல்லை. வீதியோட்டமும் அதுதான். ஒருவர் வெல்ல, அவருடைய அணிக்காரர் மற்றவர்கள் நாள் முழுக்கக் காத்தை வாங்குகிறார்கள். அவர்கள் கடைசியில் எழுபதாவதாக வருவார்கள், அல்லது இடையில் இறங்கிவிடுவார்கள். பேப்பரில் பெயர் வராது.

சின்ன அணிக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஓட்டம் தொடங்கியவுடன் நாலைந்து பேர் கூட்டத்தை விட்டு முன்னால் பாய்வார்கள். அநேகமாகப் பிடிபட்டுப் போவார்கள், அது அவர்களுக்கும் தெரியும். பிறகேன் பாய்கிறார்கள்? அந்த மூன்று நாலு மணித்தியாலமும் ரிவியில் தெரிவது அவர்களுடைய நெஞ்சில் உள்ள கொம்பனியின் பெயர். ஸ்பைடர்ரெக் என்பது தசைப்பிடிப்புக்கு ஒட்டுகிற நாடாவின் பெயர். அதற்கு முதல் பிளானற் எனர்ஜி என்ற பெயரில் ஓடினார்கள். நாடு, ஊர், வீரன் எதுவும் பெரும்பாலும் அணியின் பெயரில் இருக்காது. காசு கொடுப்பவனின் பெயர்தான் அணி.

கனடாவுக்குள் அவர்களின் கணக்கு நல்லது. தேசிய வீதியோட்டப் பட்டத்தை 2009 இல் மொன்றியலில் பிறந்த கியோம் புவாவன் எடுத்தார், அப்போது அவருக்கு வயது 20. 2011 இல் ஸ்வெய்ன் ரஃப்ட் வீதியோட்டம், நேர ஓட்டம் இரண்டும். 2012 இல் றயன் றொத். 2010 இல் 23 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் புவாவனுக்கு வெண்கலம், அமெரிக்காவின் ரெய்லர் பினியோடு பங்கு.

பிறகு 2012 ஒக்ரோபர். பெரிய அனுசரணையாளர் ஒருவர் கிடைக்கவில்லை, 2013 இல் ஓடமாட்டோம், 2014 இல் திரும்புவோம் என்று அறிவித்தார்கள். திரும்பவில்லை. மொன்றியல் ஓட்டம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

இதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆச்சரியம் இல்லை. உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஒரு மைதானம் இருக்கும், வாசலில் ரிக்கற் விற்கலாம். எங்கட ஊர் விளையாட்டுக் கழகங்கள் கடைக்காரரிடமும் வெளிநாட்டில் இருப்பவர்களிடமும் சேர்த்த காசில் ஓடினாலும், கழகத்தின் பெயர் ஊரின் பெயராக இருக்கும். ஒரு கடைக்காரர் நிறுத்தினால் இன்னொருவர் தருவார். சைக்கிள் அணிக்கு மைதானம் இல்லை, வாசல் இல்லை, ஊரும் இல்லை. ஒரு கொம்பனி கையை விரித்தால் வீரன், மெக்கானிக், சாரதி எல்லோரும் ஒரே நாளில் தெருவில். மலையில் நின்று கை தட்டிய ஆயிரக்கணக்கானவர்களிடமிருந்து ஒரு சதம்கூட அணிக்குப் போகாது.

ஓடியவர்கள் சிதறினார்கள். புவாவன் இத்தாலிய அணியான கனொன்டேலுக்குப் போனார். பிரான்சுவா பரிசியன் ஆர்கோஸ்-சிமானோவுக்குப் போய், 2013 மார்ச்சில் கத்தலோனியச் சுற்றில் ஒரு கட்டத்தை வென்றார். ஸ்பைடர்ரெக் இருந்திருந்தால் அந்த வெற்றி அவர்களின் கணக்கில் விழுந்திருக்கும். சக் பெல் 2013 தேசியப் பட்டத்தை வேறொரு அணியின் மேலாடையில் எடுத்தார். 22 வயது ஹியூகோ ஊல், கியூபெக் கிராமத்துப் பெடியன், பிரான்சின் ஏஜி2ஆர் அணிக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். அந்த டிசம்பரில் வீட்டுக்குக் கிட்ட ஓடப்போன அவருடைய தம்பியை ஒரு வாகனம் மோதிவிட்டு நிற்காமல் போனது. தம்பி இறந்துபோனார்.

ஊல் பத்து வருடம் மற்றவர்களுக்காகக் காத்து வாங்கினார். 2022 ஜூலை 19, ரூர் து பிரான்சின் 16 ஆம் கட்டம், பிரெனே மலையடிவாரத்தில் புவா என்ற ஊர். தனியாக வந்து, வானத்தைக் காட்டியபடி கோட்டைக் கடந்தார். வெற்றி தம்பிக்கு. பாவரின் 1988 வெற்றிக்குப் பிறகு 34 ஆண்டுகளாக வேறு எந்தக் கனடியரும் ரூரில் ஒரு கட்டம் வென்றதில்லை. அன்றைக்கு ஊலின் அணியில் இயக்குநர்களில் ஒருவர் அதே ஸ்டீவ் பாவர். இளம் பெடியனாக ஊலைத் தன் சின்ன அணிக்கு எடுத்த அதே மனிசன்.

அந்த அணி இஸ்ரேல்-பிறெமியர் ரெக். அதன் அப்போதைய முதலாளி சில்வன் அடம்ஸ் மொன்றியலில் தொழில் செய்து பணக்காரரானவர். பிறெமியர் ரெக் கியூபெக் கொம்பனி. 2025 இல் ஸ்பானியச் சுற்றில் காசாவுக்காகச் சனம் வீதியை மறித்தது. செப்டெம்பரில் மொன்றியலுக்கு அவர்கள் வந்தபோது மேலாடையில் 'இஸ்ரேல்' என்ற சொல் இல்லை, பாதையோரம் பாலஸ்தீனக் கொடிகள் நின்றன. அந்தச் சனம் கொடி பிடித்ததில் நான் பிழை காணமாட்டேன். நெஞ்சில் காசுக்காரனின் பெயரோடு ஓடுகிற விளையாட்டில், அந்தப் பெயருக்கு வருவதும் நெஞ்சில்தான் விழும். நவம்பரில் பிறெமியர் ரெக் விலகி, பெல்ஜியத்தின் அல்பெசின் அணியோடு சேர்ந்துகொண்டது. பழைய அணி வேறு பெயர் தேடிப் போனது.