பால்மானி முதல் காந்த ஒத்ததிர்வு வரை: கொழுப்பு, நீர் அளவீட்டின் வரலாறு

முன்னுரை

தாம்பரத்திற்குக் கிழக்கே, சோழிங்கநல்லூரில் ஆவின் பால்பண்ணை இயங்குகிறது. இத்தகைய கூட்டுறவுப் பண்ணைகளுக்குப் பால் வழங்கும் உழவர் பெறும் விலை, பாலின் கொழுப்பையும் இதரச் சத்தையும் பொறுத்தது. எனவே அளவீட்டுப் பிழை உழவரின் வருவாய் இழப்பாகிறது.

பால்மானியும் அமிலமும்

பால்மானி அடர்த்தியை மட்டுமே காட்டும். பாலேட்டை நீக்கினால் அடர்த்தி கூடும்; நீர் கலந்தால் குறையும். இரண்டையும் செய்தால் கலப்படம் பால்மானிக்குப் புலப்படாது. இக்குறையை 1890இல் அமெரிக்காவின் பாப்காக்கும், அடுத்துச் சுவிட்சர்லாந்தின் கெர்பரும் களைந்தனர். கந்தக அமிலம் புரதத்தைக் கரைக்க, சுழற்சியில் கொழுப்பு தனியே பிரியும். ஆயினும் சோதித்த பால் அழிகிறது.

காந்த ஒத்ததிர்வு

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வை 1946இல் பிளாக், பர்செல் ஆகியோர் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டனர். 1973இல் லாட்டர்பர் அதனைப் படமாக்கினார். காந்தப்புலத்தில் நீரின் ஹைட்ரஜனும் கொழுப்பின் ஹைட்ரஜனும் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 3.5 பங்கு வேறுபட்ட அதிர்வெண்களில் ஒலிக்கின்றன. 1984இல் டிக்சன், இவ்விரு குறிப்பலைகளும் இணைந்த படம் ஒன்றும் எதிர்ப்பட்ட படம் ஒன்றும் எடுத்தார். அவற்றைக் கூட்டினால் நீரும், கழித்தால் கொழுப்பும் தனித்துக் கிடைத்தன. இம்முறையால் பாலாடைக்கட்டியையும் இறைச்சியையும் வெட்டாமலே அவற்றில் கொழுப்பு பரவியுள்ள இடங்களை அறியலாம்.

முடிவுரை

விலை மிகுந்த இக்கருவி, நாள்தோறும் இருவேளை பால் அளக்கும் ஊர்ச் சங்கத்திற்கு ஏற்றதன்று. அங்குள்ள எளிய கருவிகளின் பிழையைச் சரிபார்க்கும் உரைகல்லாக அமைவதே ஒத்ததிர்வு முறை உழவருக்கு ஆற்றக்கூடிய பணி எனலாம்.